பெட்டிக்குள் இருக்கும் சத்தமும் நம்மிடம் இருக்கும் சத்தமும்

(புதிதாகக் கீபோட் வாங்கிய தோட்டமொன்றின் சமூக நிலையத்தில், இளைஞர் கழகத்தினருக்கும் பஜனைக் குழுவினருக்கும் மாதர் சங்கத்தினருக்கும் இசை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே தந்திருக்கிறோம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். இத்தனை வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பெட்டியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் லயத்துக் காம்பராவிலே பிறந்தவன்தான். எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். ஆர்மோனியத்தில் ஆரம்பித்து, ஓர் இசைக்குழுவில் பல வருஷம் கீபோட் வாசித்தேன். நம்ம ஆட்கள் ‘ஓகன்’ என்று சொல்கிறார்களே, அதுதான். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

போன மாதம் உங்கள் தோட்டத்துக்கு வந்தபோது ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “ஐயா, வீட்டுக்கு வீடு சந்தா போட்டு இந்தப் பொட்டிய வாங்கினோம். உள்ளுக்க நூறு வாத்தியம் இருக்குன்னு சொன்னாங்க. ஆனா எந்தப் பாட்டுக்கும் ஒரே சத்தந்தான் வருது. நாங்க பாடுறதே கேக்க மாட்டேங்குது.”

நியாயமான கேள்வி. நீங்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த காசு அது. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பட்டனை அழுத்தினால் வீணையும் புல்லாங்குழலும் எங்கேயிருந்து வருகிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. முந்தின காலத்துக் கீபோட்டுகள் மின்சாரத்தினாலேயே சத்தத்தை உண்டாக்கின. ஏறக்குறைய வயலின் மாதிரி, ஏறக்குறைய எக்காளம் மாதிரி இருக்கும். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் உண்மையான ஒரு வாத்தியத்தை உண்மையான ஓர் ஆள் வாசிக்க, அதைப் பதிவு செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டையை அழுத்தும்போது அந்த ஆள் வாசித்ததுதான் திரும்பிக் கேட்கிறது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி நம்பர் போட்டது. ஒன்றிலே 5-ஆம் நம்பர் புல்லாங்குழல் என்றால் இன்னொன்றிலே 5-ஆம் நம்பர் மத்தளம்! இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1991-இல் ஜப்பானிய, அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொது வரிசைக்கு ஒத்துக்கொண்டன. அதற்கு ‘ஜெனரல் மிடி’ என்று பெயர். மொத்தம் 128 சத்தம். எட்டு எட்டாக 16 குடும்பம். 1 முதல் 8 வரை பியானோ வகை. 17 முதல் 24 வரை ஓகன் வகை. 25-இலிருந்து கித்தார். 41 வயலின். 49 வயலின் கூட்டம், அதாவது ‘ஸ்ட்ரிங்ஸ்’. 57 டிரம்பட். 74 புல்லாங்குழல். 105 சித்தார். 112 ஷெனாய்.

உங்கள் பெட்டியின் முகப்பில் உள்ள நம்பர் வேறாக இருக்கலாம். கம்பெனிக்காரர்கள் தங்கள் சொந்தச் சத்தங்களை முதலில் வைத்துவிட்டு, இந்த 128-ஐப் பின்னால் ‘ஜிஎம்’ என்ற தலைப்பில் போடுவதுண்டு. சிலதில் எண்ணிக்கை ஒன்றுக்குப் பதிலாகச் சைபரில் ஆரம்பிக்கும். அதனால் கூட வந்த புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பட்டியலை ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி இந்தச் சுவரிலே மாட்டுங்கள். தம்பிமார் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

நம்பர் சொன்னதும் சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஏனென்று எனக்குத் தெரியும். கடைசி நம்பர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! 126 ஹெலிகொப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கி வெடி. பிள்ளைகளே, உங்களுக்கு அது விளையாட்டு. ஆனால் இந்த நாட்டிலே அந்தச் சத்தத்தை உண்மையாகவே கேட்டுவிட்டு, விளக்கை அணைத்து, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருட்டிலே உட்கார்ந்திருந்தவர்கள் இன்னமும் நம் லயங்களில் இருக்கிறார்கள். ராத்திரியிலே அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். எந்தச் சத்தத்தையும் கேட்கிறவரை நினைத்துத் தெரிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதுவே முதல் பாடம்.

அணையும் சத்தம், நிற்கும் சத்தம்

128 சத்தத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதலில் இரண்டாகப் பிரியுங்கள். கோயில் மணியை ஒரு தட்டு தட்டினால் ‘டாண்’ என்று கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும். சங்கு அப்படியில்லை, ஊதுகிற மூச்சு இருக்கும் வரை நிற்கும். வாத்தியங்களும் இந்த இரண்டு வகைதான். பியானோ, கித்தார், சித்தார் எல்லாம் மணி சாதி; தட்டினதும் மீட்டினதும் அணையத் தொடங்கும். ஓகன், வயலின், புல்லாங்குழல், ஷெனாய் எல்லாம் சங்கு சாதி. விரல் இருக்கும் வரை நிற்கும்.

ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுங்கள். சத்தம் மெலிந்து போகிறதா, அப்படியே நிற்கிறதா? அவ்வளவுதான் பரீட்சை.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். உங்கள் கீபோட்டைப் போட்டவுடன் பியானோதான் வரும். அநேகமாக எல்லாக் கீபோட்டும் அப்படித்தான். தம்பிமார் அதை மாற்றவே இல்லை. மார்கழி பஜனையிலே பாட்டு இழுத்து இழுத்துப் போகும். பியானோ சத்தமோ தட்டினதும் அணைகிறது. பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் நடுவே ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை அடைக்க, வாசிக்கிற தம்பி மேலும் மேலும் தட்டுகிறார். அதனால்தான் இரைச்சல்.

பஜனைக்கு நம் காது பழகினது ஆர்மோனியம். ஆர்மோனியத்தில் காற்றினால் அதிர்கிற பித்தளை நாக்குகள் இருக்கின்றன. 22-ஆம் நம்பர் அக்கோடியன், 21-ஆம் நம்பர் ரீட் ஓகன், இரண்டும் அதே நாக்கு சாதி. அதனால் ஆர்மோனியத்துக்குக் கிட்டின சத்தம் வேண்டுமென்றால் இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள். 1-இலே தேடினால் கிடைக்காது.

வேகமான கும்மிப் பாட்டுக்கு இதற்கு நேர்மாறு. அங்கே நிற்கிற சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூழாகிவிடும். கித்தார் மாதிரி சட்டென்று அணைகிற சத்தம் கைதட்டலோடு நன்றாகச் சேரும்.

கருவியின் குணம் தெரிய வேண்டும்

சத்தத்தை மாற்றினால் போதாது. கையையும் மாற்ற வேண்டும்.

புல்லாங்குழல் ஊதுகிறவர் நடுவிலே மூச்சு எடுப்பார். கீபோட்டுக்கு மூச்சு முட்டாது. அதனால் நீங்கள்தான் மூச்சு விட வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் இடையில் கையைத் தூக்குங்கள். ஒரே குழலில் மூன்று சுரம் ஒரே நேரத்தில் வராது. அதனால் 74-ஐப் போட்டுக்கொண்டு மூன்று விரலால் அழுத்தாதீர்கள். அப்படி அழுத்துவதற்கு 49-ஆம் நம்பர் ஸ்ட்ரிங்ஸ் இருக்கிறது. அது பல பேர் சேர்ந்து வாசிப்பது.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் எல்லையும் உண்டு. 61 கட்டை உள்ள பெட்டியில் இடது பக்கத்திலிருந்து எண்ணி வரும் மூன்றாவது ‘சி’தான் நடு ‘சி’. இங்கிலீஷ் புல்லாங்குழல் சாதாரணமாக அதற்குக் கீழே போகாது. வயலினின் ஆகக் கீழ்த் தந்தி, அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிற ‘ஜி’. பெட்டி உங்களைத் தடுக்காது. அதற்குக் கீழேயும் சத்தம் வரும். ஆனால் அது புல்லாங்குழலாக இருக்காது, கப்பல் ஊதுகிற மாதிரி இருக்கும்.

நம்ம சங்கீதத்துக்கு இன்னொரு சிக்கல். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதும், அசைவதும்தான் கமகம். கட்டைகளோ தனித்தனியாக நிற்கின்றன. ஆர்மோனியத்துக்கும் இதே குறைதான். ஐரோப்பாவிலிருந்து வந்த அந்த வாத்தியத்தை, தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடுகிற மாதிரி கல்கத்தாவிலே துவாரகநாத் கோஷ் 1875-இல் மாற்றிச் செய்தார். ஆனால் இந்தச் சுரக் குறையைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 30 வருஷத்துக்கு மேல் அந்தத் தடை இருந்தது. அப்படியும் பஜனை மடங்களிலிருந்து ஆர்மோனியம் போய்விடவில்லை. தன்னால் முடிந்ததைச் செய்தது, முடியாததைப் பாடுகிறவர் குரலுக்கு விட்டுவிட்டது. கீபோட்டும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். இடது பக்கத்தில் சுருதியை வளைக்கிற சக்கரம் இருந்தால் 41-ஐயும் 112-ஐயும் போட்டுப் பழகிப் பாருங்கள். இல்லாவிட்டால், கமகத்தைப் பாடுகிற அக்காவிடம் விட்டுவிட்டு, நீங்கள் நேராக நில்லுங்கள்.

பாடுகிறவர் குரல்தான் முதலில்

பெட்டி பாடுகிறவருக்காக, பாடுகிறவர் பெட்டிக்காக இல்லை. சாதாரணமாக ஆம்பிளைகள் 1, 2 கட்டைச் சுருதியிலும், பொம்பிளைகள் 5, 6 கட்டையிலும் பாடுவார்கள். தம்பி ஒரு கட்டை சுருதியில், அதாவது ‘சி’யில் மட்டும் பழகியிருக்கிறார். அதனால் மாதர் சங்கத்து அம்மாமார் தொண்டை அடைத்துக்கொண்டு கீழே பாட வேண்டியிருக்கிறது. ‘டிரான்ஸ்போஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கிறதல்லவா? அதை 7 தடவை கூட்டினால் ஒரு கட்டை 5 கட்டையாகிவிடும். 5 தடவை குறைத்தாலும் அதே 5 கட்டைதான், ஒரு ஸ்தாயி கீழே. கை வைக்கிற இடம் மாறாது. முதலில் பாடுகிறவரைக் கேளுங்கள்: “அக்கா, எது உங்களுக்கு வசதி?” அதற்குப் பிறகு பட்டனைத் தொடுங்கள்.

இரண்டாவது, குரல் போகிற அதே இடத்தில் டிரம்பட்டைப் போட்டு மூடாதீர்கள். பாடும்போது மெதுவான ஸ்ட்ரிங்ஸ் பின்னால் இருக்கட்டும். பாட்டு நிற்கிற இடத்தில் குழலோ சித்தாரோ பேசட்டும். அந்த இடத்தை நிரப்புவதுதான் வாத்தியத்தின் வேலை.

மூன்றாவது, சத்தம் எப்படி இருக்கிறது என்று ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று தீர்மானிக்காதீர்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கடைசி வரிசைக்குப் போய்க் கேட்க வேண்டும். இந்த மண்டபம் தகரக் கூரை. மழை பெய்தால் ஸ்ட்ரிங்ஸ் காணாமல் போய்விடும்; அக்கோடியன் மழையைத் தாண்டிக் கேட்கும். மழைக்காலத்துக்கு ஒரு சத்தம், வெயில் காலத்துக்கு ஒரு சத்தம் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

தாளத்துக்குப் பட்டன் போதுமா?

இனி நான் சொல்லப் போவது என் சொந்தக் கதை. பெருமைப்படுகிற கதை இல்லை.

1994-ஆம் வருஷம். மாசி மாதம். ஒரு தோட்டத்தில் காமன் கூத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குச் சின்ன வயது. புதுக் கீபோட், தாளம் தானாகவே அடிக்கிறது. விழாக் கமிட்டியிலே ஒருவர் பார்த்தார். “இதுலயே மேளம் எல்லாம் இருக்கே. அப்புறம் தப்புக்காரங்களுக்கு ஏன் காசு?” என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “இல்லீங்க, கூத்துக்கு அவங்க வேணும்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் பெருமை. “எல்லாம் இதுலயே அடிக்கலாங்க” என்றேன்.

கூத்து ஆரம்பித்தது. ரதியும் மதனும் ஆடி வந்தார்கள். கூத்திலே ஆட்டம் ஏறும், இறங்கும், நிற்கும், திடீரென்று பாயும். என் பெட்டியோ ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அவசர அவசரமாக வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். அதற்குள் ஆட்டம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மதன் வேஷம் கட்டினவர் நடுக்களத்தில் கால் தடுமாறி நின்றார். கூட்டத்தில் சிரித்தார்கள். விரதம் இருந்து வேஷம் கட்டின மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மீதிக் கூத்தைச் சுருக்கி முடித்தார்கள்.

அடுத்த நாள் காலையில் சந்திக் கடையிலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். தப்பு அடிக்கிற பெரியவர் வந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, உங்க பொட்டி நல்லாத்தான் அடிக்குது. ஆனா அது ஆடுறவன் காலைப் பாக்கலையே.”

அந்த ராத்திரிக்கு அவருக்கும் அவர் ஆட்களுக்கும் சேர வேண்டிய காசும் வெற்றிலையும் போய்விட்டது. நான் என் காசை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சில வருஷம் கழித்துப் போனபோது அந்தப் பெரியவர் இல்லை. அவர் மகனைக் கேட்டேன். தப்பை விட்டுவிட்டேன் என்றார். “அதை எடுத்தா எங்களை ஒரு மாதிரிப் பாக்கிறாங்க சார். பொட்டி வந்த பொறகு கூப்பிடுறதும் இல்லை.”

இரண்டையும் யோசித்துப் பாருங்கள். ஒன்று, அடிக்கிறவனைக் கீழாகப் பார்த்த நம்முடைய பழைய குற்றம். இரண்டு, அந்தக் குற்றத்துக்குப் பெட்டியைச் சாக்காக்கின என் குற்றம். காலையிலே பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்புதான். கூத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் முழங்கினதும் தப்புதான். 1820-களில் கோப்பிக் காட்டுக்கு வந்த காலத்திலிருந்து நம்ம ஆட்கள் இந்த மலைக்குக் கொண்டுவந்த சொத்தில், பணம் காசு எதுவும் இல்லை. பாட்டும் கூத்தும் தப்பும்தான் இருந்தது.

அந்த 128-க்குத் திரும்ப வாருங்கள். 105 முதல் 112 வரை பல நாட்டு வாத்தியங்களுக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது. அதிலே ஜப்பான் வாத்தியம் இரண்டு, ஆபிரிக்கக் கலிம்பா ஒன்று, பை ஊதல் ஒன்று எல்லாம் இருக்கிறது. நம்ம பக்கத்திலிருந்து சித்தாரும் ஷெனாயும் மட்டும்தான். நாதஸ்வரம் இல்லை. மிருதங்கம் இல்லை. உறுமி இல்லை. தப்பு இல்லவே இல்லை. பிற்காலத்தில் இந்தியாவுக்கென்று செய்த மாடல்களில் தபேலாவும் தம்புராவும் சேர்த்தார்கள். நம்ம தப்பை அதிலும் தேடாதீர்கள். அது இந்தத் தோட்டத்திலேதான் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற சத்தம் பெரும்பாலும் ஓர் ஆள் வாசித்தது என்று ஆரம்பத்தில் சொன்னேன். வாசிக்கிற ஆளே பக்கத்து லயத்தில் இருக்கும்போது, பெட்டியை ஏன் கேட்க வேண்டும்?

அதற்காகத் தாளப் பட்டனே கூடாது என்று சொல்லவில்லை. தனியாகப் பழகும்போது நல்ல துணை. ஒளி விழாவுக்கு, பிள்ளைகளின் கலை நிகழ்ச்சிக்கு மேளக்காரர் கிடைக்காதபோது பயன்படுத்துங்கள். அப்போதும் ‘டிரம் கிட்’ என்ற சத்தத்தை எடுத்தால் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு மேளமாகிவிடும். தானாக அடிக்கவிடாமல், ஒரு தம்பி ஆடுகிறவர் காலைப் பார்த்துக் கையால் அடிக்கலாம்.

செய்ய வேண்டிய காரியங்கள்

முடிக்கப் போகிறேன். பொங்கல் விழாவுக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

ஆறு சத்தம் மட்டும் தெரிவு செய்யுங்கள்: அக்கோடியன், ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், சித்தார், கித்தார், ஷெனாய். ஒரு மாதத்துக்கு இந்த ஆறைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். ஆறையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே சத்தத்தின் நம்பர், சுருதி, சத்தத்தின் அளவு மூன்றையும் எழுதுங்கள். வாசிக்கிற தம்பிக்குக் காய்ச்சல் வந்தாலும் அடுத்தவர் எடுத்து வாசிக்கலாம். இது கழகத்தின் சொத்து. ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது.

வேறு அடப்டரைச் செருகாதீர்கள். வோல்ட் அளவும் கூட்டல், கழித்தல் குறியும் பெட்டியில் போட்டிருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். மாறினால் பெட்டி புகைந்துவிடும். இடி மின்னல் நேரத்தில் கழற்றி வைத்துவிடுங்கள். பனி இறங்குகிற இடம் இது. வாசித்து முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள்.

கடைசியாக ஒன்று. பொங்கல் மேடையிலே தப்புக்கு ஓர் இடம் போடுங்கள். ஓரத்தில் இல்லை, கீபோட்டுக்குப் பக்கத்தில். தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டவும் இடம் பார்த்துக் கொடுங்கள். கமிட்டி கீபோட் வாசிக்கிறவருக்கு என்ன மரியாதை, என்ன காசு கொடுக்கிறதோ, அதையே தப்பு அடிக்கிறவருக்கும் கொடுக்க வேண்டும். பழக விரும்புகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் தப்பைக் கையில் கொடுங்கள். பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

தப்பு முழங்க ஆரம்பித்ததும், தம்பி, உங்கள் கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேளுங்கள். எந்தச் சத்தம் அதோடு சேரும் என்று உங்கள் காதே சொல்லும். அதற்குப் பிறகு நம்பரைத் தேடுங்கள்.